மண்ணைத் தின்னாத வீடு: காவிரிப் படுகைக்கு எந்தக் கல், எந்த மரம்?

காவிரிப் படுகையில், அதாவது டெல்டாவில், மலை இல்லை, பாறை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்து சேர்ந்தது. நமக்கென்று இருப்பவை ஆறு பல ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டலும் களியும் மணலும் மட்டுமே. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு, மேலிருந்து வரவேண்டிய வண்டலின் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே, இங்கே வீடு கட்டுபவர் ஒரு பொருளைச் சுற்றுச்சூழலுக்கு இசைந்தது என்று ஏற்பதற்கு முன், அதன் உறையில் அச்சிட்ட பச்சை இலையைப் பார்ப்பதைவிட மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. அது நம் மண்ணைத் தோண்டுகிறதா? எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது? நம் ஊர் ஓதத்தையும் உப்பையும் கறையானையும் எத்தனை ஆண்டு தாங்கும்? இவற்றுள் மூன்றாவது கேள்வியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஏழாண்டில் குப்பைக்குப் போகும் பொருள் எந்தச் சான்றிதழோடு வந்தாலும், அதைச் செய்வதற்குச் செலவான மண்ணும் எரிபொருளும் வீண்தான்.

முதலில் சுவர். நாட்டுச் செங்கல் ஒன்று ஏறத்தாழ மூன்று கிலோ எடை இருக்கும். ஒரு வீட்டுக்கு 20,000 கல் வேண்டுமென்றால் 60 டன் மண் போகிறது. அதில் பெரும்பகுதி நெல் விளைந்த நிலத்தின் மேல்மண். சூளைக்கு வைக்கும் விறகும் அதிலிருந்து எழும் புகையும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆயினும் செங்கல்லைத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் உண்டு. நன்றாக வெந்த கல் மழையையும் வெயிலையும் நூற்றாண்டுக்கு மேல் தாங்கும். எந்த ஊர்க் கொத்தனாருக்கும் அதைக் கட்டத் தெரியும். சுண்ணாம்புக் கலவையில் கட்டியிருந்தால், சுவரை இடிக்கும்போது கல் உடையாமல் பிரிந்து மறுபடியும் பயன்படும். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரிலிருந்து கல்லை அப்படிப் பிரித்தெடுப்பது அரிது. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பழைய வீடுகள் இடிபடும்போது வெளிவரும் கல், உப்புப் பூக்காமலும் விளிம்பு உதிராமலும் இருந்தால், நான் வேறெதையும்விட அதையே முதலில் எடுப்பேன்.

சாம்பல் கல்லுக்குச் சூளை வேண்டாம், வயல்மண்ணும் வேண்டாம். நெய்வேலி, மேட்டூர் அனல்மின் நிலையங்களின் உலர்சாம்பலோடு சிமெண்ட் அல்லது சுண்ணாம்பு, ஜிப்சம், கல்மாவு ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தி, தண்ணீர் ஊற்றி ஆறவைத்து எடுக்கிறார்கள். நிலக்கரி எரித்ததன் மிச்சம் எப்படிப் பசுமையாகும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சாம்பல் ஏற்கெனவே குவிந்துகிடக்கிறது. காற்றில் பறந்து நிலத்திலும் நீரிலும் சேர்வதைவிடச் சுவருக்குள் அடைபடுவது மேல். இதன் உண்மையான குறை தரம் ஒரே சீராக இல்லாமைதான். சிமெண்டைக் குறைத்துப் போடும் பட்டறைகளின் கல் நகத்தால் கீறினாலே உதிர்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து, மீண்டும் எடைபோட வேண்டும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரைக் குடித்திருந்தால் அது நமக்கு ஆகாது. செங்கல்லுக்கும் இதே சோதனைதான்.

ஏஏசி பிளாக் எனப்படும், காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கட்டியால் எழுப்பிய சுவர், செங்கல் சுவரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் களிமண்ணின் மேல் கட்டும்போது, அஸ்திவாரத்தின் சுமை குறைவது சிறிய நன்மை அன்று. வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கிறது. ஆனால் அது நுண்துளைகள் நிறைந்தது, நீரை இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் அளவுக்கு வெள்ளம் நிற்கும் ஊரில் தரைத்தளத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. மாடிக்கு மட்டும் என்றால் மறுப்பில்லை.

அழுத்திய மண்கட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல நோக்கத்தோடு தொடங்கி ஏமாந்துபோவோர் இதில்தான் அதிகம். ஆரோவில்லில் பல பத்தாண்டுகளாகக் கட்டப்பட்டுவரும் முறையில், மண்ணோடு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமெண்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, சுடாமலேயே கட்டி எடுக்கிறார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே பயன்படுத்த முடிந்தால், புதிதாக ஒரு கூடை மண்கூடத் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மணல் கலந்த மண் வேண்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வைத்தால், அடியில் மணலும் அதன்மேல் வண்டலும் உச்சியில் களியும் தனித்தனி அடுக்காகப் படியும். களி மிகுந்திருந்தால் சிமெண்ட் அதனோடு சரியாகச் சேராது. சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து மணல் கொண்டுவர வேண்டும். ஆகவே மணல் கலந்த மண்ணுள்ள ஆற்றோரப் படுகை ஊர்களில், புதுக் கட்டிகளுள் இதுவே என் முதல் தெரிவு. கீழ்டெல்டாவின் கடுங்களியில் சாம்பல் கல்லே மேல். எங்கே கட்டினாலும், மண்கட்டிச் சுவரைத் தரையிலிருந்து உயர்ந்த பீடத்தின் மேல் எழுப்பி, மழை அடிக்காதபடி கூரையை வெளியே நீட்ட வேண்டும்.

எந்தக் கல்லானாலும் அதன் எண்ணிக்கையைக் குறைக்க முடியும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டில், கற்களைக் குத்தவைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதால், ஏறத்தாழக் கால் பங்கு கல் மிச்சமாகிறது. நடுவிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கிறது. பழக்கமில்லாத கொத்தனார் முதலில் தயங்குவார். ஒரு சிறு சுவரைக் கட்டிப் பழகிய பின் அந்தத் தயக்கம் நீங்கிவிடும்.

மணலில் குற்றமற்ற தெரிவு என்று ஒன்று இல்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, அளவின்றி மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குமுறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆற்றுமணலுக்குப் பதிலாக வரும் எம்-சாண்ட் புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்துப் பாறைகளை உடைத்துச் செய்யப்படுவது. நம் ஆறு பிழைக்க இன்னொருவர் ஊரின் பாறை குறைகிறது. ஆயினும் ஆற்றுமணலை எடுத்தால் படுகை தாழ்கிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது, கடற்கரைப் பக்கம் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. அதனால் எம்-சாண்டையே தேர்ந்து, பூச்சு வேண்டாத சுவர்களைப் பூசாமல் விட்டு, மொத்த அளவைக் குறைப்பதே நேர்மையான வழியாகத் தோன்றுகிறது.

சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் கலந்த பிபிசி (போர்ட்லாண்ட் போசோலானா சிமெண்ட்) வகை, சாதாரண சிமெண்டைவிடக் கரிமச் சுமை குறைந்தது. உப்புக்காற்று வீசும் நாகை, வேதாரண்யம் பகுதிகளில் கம்பி துருப்பிடிப்பதைத் தாமதப்படுத்துவதிலும் அது மேலானது. சுண்ணாம்போ சிமெண்டைவிடக் குறைந்த வெப்பத்தில் வேகிறது. இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப உள்வாங்குகிறது. சுவருக்குள் ஏறும் ஓதத்தை வெளியே விடுகிறது. 1620இல் எழுந்த தரங்கம்பாடிக் கோட்டை, கடலை நோக்கி இன்றும் நிற்கிறது. ஆனால் சுண்ணாம்பு மெதுவாகவே இறுகும். அதைப் புளிக்கவைத்து அரைத்துத் தரும் கைகளும் குறைந்துவிட்டன. புது வீட்டுக்கு அதை வற்புறுத்த மாட்டேன். தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவரைப் பழுதுபார்ப்பவர்கள் மட்டும் தயவுசெய்து அதன்மேல் சிமெண்ட் பூச வேண்டாம். ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, நல்ல கல்லையும் அரித்துவிடும்.

தரைக்குச் சூளையில் ஆயிரம் பாகைக்கு மேல் சுட்ட விட்ரிஃபைட் ஓட்டைவிட, சுடாமல் நீரில் ஊறவைத்துச் செய்யும் ஆத்தங்குடிக் கல் மேல். சிவப்பு ஆக்சைடு தரையும் அவ்வாறே. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

மரத்தில் யோசிக்க நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வாங்கிய பார்ட்டிகிள் போர்டு அலமாரி, இரண்டாவது அடைமழையிலேயே அடிப்பகுதி ஊதி, திருகாணி நிற்காமல் சரிந்தது. அதைத் தச்சரால் சரிசெய்ய முடியவில்லை. பிசினும் தூளும் கலந்த பலகையை அடுப்பில் எரிக்கவும் கூடாது. அந்தப் பிசினிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பலகைதான் வேண்டுமென்றால், நீரைத் தாங்கும் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பிளைவுட்டை, கசிவு குறைந்த ஈ-1 அல்லது ஈ-0 தரமா என்று கேட்டு வாங்கலாம். விலை கூடும், ஆனால் பல ஆண்டு நிற்கும்.

தேக்கு என்றவுடன் பலரும் கடல் கடந்து வரும் மரத்தையே எண்ணுகிறார்கள். கல்லணைக் கால்வாய்க் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கு நம் கண்முன்னே நிற்கிறது. இளம் மரமானால் நடுவிலுள்ள கெட்டியான வைரம் குறைவாகவும் அதைச் சுற்றியுள்ள வெள்ளை அதிகமாகவும் இருக்கும். வெள்ளையைக் கறையான் விடாது. எனவே நிலைக்கும் கதவுக்கும் முதிர்ந்த மரத்தின் வைரப்பகுதியை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். உள்ளறைக் கட்டிலுக்கும் மேசைக்கும் வேம்பு, பூவரசு, வாகை போதும். இவை நம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வளர்பவை. தச்சர்கள் இழைக்கக் கடினம் என்று சலித்துக்கொண்டாலும், நிழலில் நன்றாக உலர்த்திய பூவரசு எளிதில் ஏமாற்றாது.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை என்ன செய்வதென்று தெரியாமல் குடும்பங்கள் கலங்கி நின்றன. முதிர்ந்த தென்னையின் வெளிவட்டம் கைமரத்துக்கும் சட்டத்துக்கும் ஏற்ற உறுதி கொண்டது. உள்சோறு எதற்கும் ஆகாது. காய்ப்பு ஓய்ந்து எப்படியும் வெட்டப்படும் மரம் என்பதால், இதற்காகக் காடு எதுவும் அழிவதில்லை. மண்ணையும் ஈரத்தையும் தொடாத இடத்தில் மட்டும் பயன்படுத்தினால் போதும்.

நாற்காலிகளில் நெகிழியோடு ஒப்பிட்டால், சீர்காழிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தைக்காலில் முடையும் பிரம்பு நாற்காலி தெளிவாக முந்துகிறது. பிரம்பு இங்கே விளைவதில்லை, வெளியிலிருந்து வருகிறது. அது ஒரு குறைதான். ஆனால் இருக்கை தளர்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். நெகிழி நாற்காலியின் கால் முறிந்தால் அத்தோடு முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது, இடிபட்ட வீடுகளின் பழைய மரம். சமையலறைக்குப் பலகையே வேண்டாமென்று கடப்பாக் கல்லில் தட்டுகள் அமைத்து, அவற்றுக்குப் பழைய வீட்டுச் சன்னல் கதவுகளைப் பொருத்தியிருக்கிறோம். அவற்றின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்வாகத் தேய்க்காமல் நீரால் நனைத்துச் சுரண்டினோம். சுரண்டிய தூளை ஈரத்துணியால் துடைத்துக் கட்டி அப்புறப்படுத்தி முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கமே விடவில்லை.