மேசைமேல் எழுதிய வசனம்: "இது என் சரீரம்" என்பதை யார் எப்படி வாசிக்கிறார்கள்?

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்த மார்ட்டின் லுத்தர், சாக்குக்கட்டியை எடுத்து மேசைமேல் லத்தீனில் எழுதினார்: "ஹோக் எஸ்ட் கோர்புஸ் மேயும்." இது என் சரீரமாயிருக்கிறது. கடைசி இராவிருந்தில் இயேசு அப்பத்தைக் கொடுத்துச் சொன்ன சொற்கள் இவை. எதிரே இருந்தவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரச் சீர்திருத்தவாதி உல்ரிக் சுவிங்ளி. இருவரும் போப்பின் அதிகாரத்தை உதறியவர்கள், வேதமே போதும் என்றவர்கள். சீர்திருத்த அணி பிளவுபடக்கூடாது என்று ஹெஸ்ஸே பிரபு பிலிப்தான் அவர்களை அழைத்திருந்தார். 15 பிரிவுகள் எழுதி, 14இல் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவதில், அதுவும் அதன் ஒரு பகுதியில், முறிந்தது: திருவிருந்தின் அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் உண்மையாகவே இருக்கிறதா? லுத்தர் ஆம் என்றார், சுவிங்ளி இல்லை என்றார்.

வேதத்தின் அதிகாரம் பற்றிய கட்சிகளை ஒப்பிட நான் இந்த மேசையைத்தான் எடுத்துக்கொள்வேன். "வேதத்துக்கு முழு அதிகாரம் உண்டா?" என்று கேட்டால் இருவருமே ஆம் என்றிருப்பார்கள். அந்த ஆம், எதிரில் இருக்கும் நான்கு சொற்களுக்குப் பொருள் சொல்லிவிடவில்லை.

லுத்தரின் விதி எளிது. வசனமே கட்டாயப்படுத்தினாலொழிய நேர்ப்பொருளை விட்டு நகரக்கூடாது. புத்திக்கு எட்டவில்லை என்பது நகர்வதற்குக் காரணம் ஆகாது. சுவிங்ளியின் விதி, வேதத்தை வேதத்தால் விளக்குவது. "நான் மெய்யான திராட்சச்செடி" என்று சொன்ன இயேசு செடியாகிவிட்டாரா? "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது" என்று யோவான் 6:63இல் அவரே சொல்லவில்லையா? ஆகவே "இருக்கிறது" என்றால் "குறிக்கிறது" என்றே கொள்ள வேண்டும் என்றார். யாத்திராகமம் 12:11இல் பஸ்கா பண்டிகையின் விருந்தைப் பற்றி வரும் "அது கர்த்தருடைய பஸ்கா" என்ற, இதே அமைப்புள்ள வரி தமக்குக் கனவில் நினைவூட்டப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். உரைவிதி பேசுகிறவர் கனவைச் சாட்சிக்கு அழைத்தது எதிராளிகளுக்கு நல்ல தீனியாக அமைந்தது.

ஓரிடத்தில் உருவகம் என்றால் எல்லா இடத்திலும் உருவகமா என்பது லுத்தரின் பதில் கேள்வி. நியாயமான கேள்விதான். சுவிங்ளியின் விதியிலுள்ள ஓட்டையும் அதுவே: எந்த வசனம் எந்த வசனத்துக்கு நீதிபதி? அவர் 6:63ஐ நாற்காலியில் உட்கார வைத்தார். கத்தோலிக்கர் யோவானின் அதே ஆறாம் அத்தியாயத்தின் 55ஆம் வசனத்தை, "என் மாம்சம் மெய்யான போஜனமாயிருக்கிறது" என்பதை, உட்கார வைப்பார்கள். ஆனாலும் என் சாய்வு சுவிங்ளி பக்கம்தான். காரணம் 1 கொரிந்தியர் 11:25. "இந்தப் பாத்திரம் என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கையாயிருக்கிறது" என்கிறார் பவுல். லுத்தரின் அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் பாத்திரமே உடன்படிக்கை ஆக வேண்டும். அப்படி யாரும் வாசிப்பதில்லை.

கத்தோலிக்கத் தரப்புக்கு இந்தத் தலைவலி இல்லை. 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், எழுதப்பட்ட வேதத்தோடு எழுதப்படாத மரபையும் ஏற்றுக்கொண்டது; திருச்சபை கொண்ட பொருளுக்கு மாறாக வேதத்தைத் திரித்துச் சொல்லவும் தடை விதித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965 ஆவணமோ, திருச்சபையின் ஆசிரியம், அதாவது அதன் போதிக்கும் அதிகாரம், இறைவார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்குப் பணிபுரிவது என்கிறது. இலக்கிய வகைகளைக் கவனித்து வாசிக்கவும் சொல்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது: விளக்குகிறவர் யார் என்பது வெளிப்படை. "வசனம் சொல்லுகிறது" என்று முழங்கும் மேடைகளில் விளக்குகிறவர் வசனத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார். ஆனால் விளக்குகிறவர் தவறினால் யார் திருத்துவது? புராட்டஸ்டண்டுகள் 500 ஆண்டுகளாகக் கேட்கும் இந்தக் கேள்விக்கு எனக்கு நிறைவான பதில் கிடைத்ததில்லை.

சுவிசேஷகப் புராட்டஸ்டண்டுகள் கூடி எழுதிய 1978இன் சிக்காகோ அறிக்கை வேதத்தின் அதிகாரத்தை உச்சிக்கு ஏற்றியது: மூலப் பிரதிகளில் வேதம் பிழையற்றது. அந்த மூலப் பிரதிகள் இன்று ஒன்றும் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதில் லுத்தர் வழிவந்த லுத்தரன்களும் கையெழுத்திட்டார்கள், சுவிஸ் சீர்திருத்த வழிவந்த பிரஸ்பிட்டேரியன்களும் கையெழுத்திட்டார்கள். பிழையின்மையில் ஒன்றுபட்ட அவர்கள், அப்பத்தைப் பற்றிய நம்பிக்கையில் மார்பர்க்கில் நின்றவர்களைப் போலவே பிரிந்து நிற்கிறார்கள்.

வேதநூல்கள் எப்போது, எப்படி எழுதப்பட்டன என்று ஆராயும் வரலாற்றுத் திறனாய்வாளர்களை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். இந்தச் சொற்களைப் பவுல் தரும் வடிவம் கி.பி. 50களைச் சேர்ந்தது, நற்செய்தி நூல்களுக்கு முந்தியது என்று அவர்கள் சொல்வது பயனுள்ள செய்தி. எது முதலில் எழுதப்பட்டது என்பதற்கு அவர்களிடம் பதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்பவர் எதை நம்பிக் கை நீட்டுவது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வியே அல்ல.

தமிழில் இந்தச் சண்டைக்கு ஒரு வேடிக்கையான வால் இருக்கிறது. லுத்தர் அழுத்திப் பிடித்த "எஸ்ட்" (இருக்கிறது) என்ற வினை தமிழுக்குத் தேவையே இல்லை. "இது என் வீடு" என்றால் வாக்கியம் முடிந்தது. இயேசு பேசிய அரமேயத்திலும் அது இல்லாமலே சொல்லலாம். ஆனால் மத்தேயுவின் கிரேக்கத்தில் அந்த வினை இருக்கிறது. எனவே புராட்டஸ்டண்டு சபைகளின் பழைய வேதாகமம் அதை விடாமல், "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று எழுதியது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு "இது எனது உடல்" என்று நிறுத்திக்கொண்டது.

இப்போது யார் எதை வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். அப்பம் வெறும் நினைவுகூருதலே என்று போதிக்கும் பெந்தெகொஸ்தே சபைகள், "இருக்கிறது" என்ற வினை முழுதாக உள்ள பழைய வேதாகமத்தை வாசிக்கின்றன. அப்பம் உண்மையிலேயே உடலாகிறது என்று நம்பும் கத்தோலிக்க ஆலயங்களில் ஒலிப்பதோ, வினையே இல்லாத வாக்கியம்.