ஆப் டாக்ஸி இடித்ததற்கு இழப்பீடு வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள்: ரூ.42,500 போச்சு

விபத்து இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் சேவை எங்களிடம் ரூ.42,500 வாங்கி ஏமாற்றிவிட்டது. அம்மா பெயரில் எந்த மனுவும் தாக்கல் ஆகவே இல்லை என்று இன்று காலை நீதிமன்றத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேவையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, நாளைக்கே வேறு பெயரில் பக்கம் திறந்து உட்காருவார்கள். எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், அது போதும்.

அம்மா சாலை ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். பயணியை ஏற்ற வந்த ஆப் டாக்ஸி ஒன்று திடீரென்று ஓரம் ஒதுங்கி இடித்துவிட்டது. டிரைவர் போனில் வழி பார்த்துக்கொண்டே வந்ததாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். வலது காலில் எலும்பு முறிவு, ஆபரேஷன், உள்ளே பிளேட். டிரைவர் ஓடிப்போகவில்லை, அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். அது சட்டப்படி அவருடைய கடமை என்றாலும், ஓடுகிறவர்கள் நடுவில் இவர் நின்றார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் போலீஸ் வந்தது, எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அப்புறம் அந்த டாக்ஸி ஆப்பின் உதவி எண்ணுக்குப் பேசினேன். முதல் கேள்வியே, "ரைட் ஐடி சொல்லுங்க சார்." ஆப்பில் பயணம் செய்தவருக்கு வரும் பயண எண் அது. நாங்கள் பயணி இல்லை, உங்கள் வண்டி இடித்து அடிபட்டவர்கள் என்றேன். "புரியுது சார், ரைட் ஐடி இருந்தாத்தான் டிக்கெட் போட முடியும்." வண்டி நம்பர் தருகிறேன் என்றேன். "டிரைவர் எங்க ஊழியர் இல்லை சார், பார்ட்னர். நீங்க அவர்கிட்டயே பேசிக்கோங்க." தெருவில் நடந்து போகிறவரிடம் ரைட் ஐடி எங்கிருந்து வரும்? மெயில் போட்டால் 'உங்கள் பயண அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்று பதில் வருகிறது. பயணமே செய்யாதவருக்குப் பயண அனுபவம்!

இந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் அந்த இழப்பீட்டுச் சேவையிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு, "ஹாஸ்பிடல்லயே நம்ம டெஸ்க் இருக்குண்ணா" என்றாள் அந்தப் பெண். அப்படி ஒரு டெஸ்க் அங்கே கிடையாது. யாரோ உள்ளிருந்து நம்பரை விற்றிருக்கிறார்கள்.

அவள் பேசிய விதத்தை எழுதாமல் விட முடியாது. பணத்தைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. "அம்மாகிட்ட போனைக் கொடுங்கண்ணா" என்று வாங்கி, "வலி எப்படி இருக்கும்மா, தூங்குறீங்களா, காலைத் தலையணை மேல தூக்கி வெச்சுக்கோங்க" என்று பேசினாள். அதுவரைக்கும் எந்த அலுவலகத்திலிருந்தும் ஒருவரும் அம்மாவிடம் வலியைப் பற்றிக் கேட்டதில்லை. போனை வைத்ததும் அம்மா, "நல்ல பொண்ணுடா, பாவம்" என்றார். அந்த இடத்தில் விழுந்தோம். அடுத்து கறுப்பு கோட் போட்ட ஒருவரின் போட்டோ, சங்க அடையாள அட்டை மாதிரி ஒன்று, 'பெற்றுத் தந்த தொகைகள்' என்று ஒரு பட்டியல், எல்லாம் வாட்ஸ்ஆப்பில் வரிசையாக வந்தன. டாக்ஸி கம்பெனியின் சட்டப் பிரிவில் நேரடி ஆள் இருக்கிறது, ரூ.15 லட்சம் வரை பேசி முடிக்கலாம் என்றார்கள். ரைட் ஐடி கேட்டே எங்களைத் துரத்திய கம்பெனிக்குள் நேரடி ஆள்! யாருக்குத்தான் ஆசை வராது?

முதலில் ஃபைல் திறக்க ரூ.5,000. பிறகு 'மருத்துவ நிபுணர் கருத்து' வாங்க ரூ.22,500. பிறகு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நோட்டீஸ் அனுப்ப ரூ.15,000. மொத்தம் ரூ.42,500. மூன்று தடவையும் யு.பி.ஐ.தான், மூன்று தடவையும் வேறு வேறு தனிநபர் கணக்கு. ரசீது கேட்டால் "சிஸ்டம்ல ஜெனரேட் ஆகி வரும்ண்ணா." நடுவில் ஒரு பையன் வீட்டுக்கு வந்து வக்காலத்திலும் எழுதாத முத்திரைத் தாள்களிலும் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில் எல்லாவற்றின் ஒரிஜினலும் அவன் பையில் போய்விட்டன.

அதோடு அந்த இனிமை முடிந்தது. ஃபைல் பிராசஸில் இருக்கிறது. லீகல் டீமில் இருக்கிறது. மேடம் லீவு. சார் கோர்ட்டில் இருக்கிறார், போன் எடுக்க முடியாது. அண்ணா என்று கூப்பிட்டவள் சார் என்று மாறினாள், பிறகு அவள் எண்ணே வேலை செய்யவில்லை. புது ஆள் ஒருவன் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னான், சொன்னேன். "இந்த ஃபைல் எங்க கிளையில் இல்லை" என்றான். ரூ.42,500 யார் கணக்குக்குப் போனது என்று கேட்டேன். "அது கன்சல்டேஷன் ஃபீஸ் சார், ரீஃபண்ட் பாலிசியில் வராது." பாலிசியைக் காட்டு என்றேன், லைனைத் துண்டித்துவிட்டான். இப்போது வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது.

ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கத் துடிப்பவர்கள், வீட்டில் ஒருவர் கால் உடைந்து படுத்திருக்கும்போது பேசிப் பாருங்கள்.

பணம் போனதைவிட எரிச்சல், அவர்கள் சொன்னது அத்தனையும் தலைகீழ் என்று இப்போது தெரிவது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வக்கீல் பொறுமையாக விளக்கினார். 'டிரைவர் மேல தப்பு இருந்தா வண்டி இன்ஷூரன்ஸ் வராது, அதனாலதான் கம்பெனியைப் பிடிக்கணும்' என்பது அவர்கள் எங்களுக்குச் சொன்ன கதை. உண்மையில் டிரைவரின் தப்பால் அடிபடும் மூன்றாம் நபருக்காகத்தான் அந்தக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988. நடந்து போகிறவர்தான் அந்த மூன்றாம் நபர். டிரைவர், வண்டி உரிமையாளர், வண்டியின் காப்பீட்டு நிறுவனம், இந்த மூவரையும் எதிர்மனுதாரராகப் போட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166ஆம் பிரிவில் மனு போட வேண்டும். டாக்ஸி ஆப் நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், அவர்கள் 'நாங்கள் வெறும் தொழில்நுட்ப இணைப்பு' என்று வாதாடுவார்கள். அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அந்த வாதம் முடியும் வரை வண்டியின் காப்பீட்டிலிருந்து வர வேண்டியது நிற்க வேண்டியதில்லை. வண்டி நம்பரை அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் போட்டுப் பார்த்தேன், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி முடியும் தேதியும் உடனே வந்தன. இதற்கா ரூ.42,500?

இன்னொரு பொய் இதைவிட மோசம். அம்மாவுக்கு வருமானம் இல்லை, அதனால் கோர்ட்டில் ஒன்றும் கிடைக்காது, பேசித்தான் வாங்க முடியும் என்று சொல்லியிருந்தார்கள். இதை அம்மா காதுபடவே சொன்னார்கள், அவரும் தலையாட்டினார். வீட்டு வேலை செய்பவரின் உழைப்புக்கும் ஒரு வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, 2021இலும் ஒரு தீர்ப்பில் அதை அழுத்திச் சொன்னது. காலம் முழுக்க அடுப்படியில் நின்றவரைப் பார்த்து, உனக்கு விலையே இல்லை என்று சொல்லி, அதைச் சொல்வதற்கும் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலேயே வாங்க ஒரு வழியும் இருக்கிறது. 164ஆம் பிரிவு. உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166 மனு காலாவதி ஆகிவிடும், அதனால் காயத்தின் அளவைப் பார்த்து வக்கீலிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். எங்களிடம் இப்படி இரண்டு வழி இருப்பதாகக்கூட அவர்கள் சொல்லவில்லை.

நேரம்தான் பெரிய திருட்டு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இவர்கள் 'பிராசஸ், பிராசஸ்' என்று அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டார்கள். அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது, காலம் கடந்ததென்று இப்போதைக்கு மனுக்களைத் தள்ள வேண்டாமென்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது என்றார் வக்கீல். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள் என்றும் அவரே சொன்னார். போலீஸும் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பியாக வேண்டுமாம். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இப்போது ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருப்பது அதற்காகத்தான். அந்த நேரத்தில் டிரைவர் ஆப்பில் எந்த ரைடில் இருந்தார் என்ற பதிவைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கச் சொல்லியும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாம் கேட்டால் ரைட் ஐடி கேட்பார்கள், போலீஸ் நோட்டீஸ் போனால் அந்தப் பேச்சு நடக்காது.

விவரமாக எழுத நினைத்தேன், அம்மாவை ஃபிசியோவுக்குக் கூட்டிப் போகும் நேரமாகிவிட்டது. அவசரமாகச் சில விஷயங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தோ போன் பண்ணியோ கேஸ் பிடிக்கிறவரிடம் பேசவே பேசாதீர்கள். வக்கீல்கள் இப்படி ஆள் தேடி வரக் கூடாது, கிடைக்கும் இழப்பீட்டில் இவ்வளவு சதவீதம் என்று ஃபீஸ் பேசவும் கூடாது. இரண்டுமே பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம்.

எழுதாத தாளில் கையெழுத்து வேண்டாம். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். நாங்கள் இப்போது டிஸ்சார்ஜ் சம்மரிக்கு ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் பிரிவில் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் அனுப்பப் பார்த்தால் எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) என்று ஒன்று இருக்கும், அதையும் வாங்கி வையுங்கள்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் 161ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு ரூ.50,000, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம் உண்டு. வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை, ஆப்பில் ஓட்டியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். முதலில் அடிபட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று பல வழக்குகளில் உத்தரவாகியிருக்கிறது, அதனால் அங்கேயே விட்டுவிடாதீர்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். எண் 15100. எங்களுக்கு அங்கே ஒரு பைசா செலவாகவில்லை. பணத்தை யு.பி.ஐ.யில் இழந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள், தாமதமானால் அந்தக் கணக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எங்கள் ரூ.42,500 போன மூன்று கணக்கில் இரண்டு ஏற்கெனவே காலி என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது கணக்கை முடக்கக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.