ஃபேர்பெர்ன்–சைக்ஸ் குத்துவாள் வாங்குவோர் கவனத்திற்கு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோ வீரர்கள் ஏந்திய ஃபேர்பெர்ன்–சைக்ஸ் குத்துவாள் என்று சொல்லி, இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தை ஒன்றில் 450 பவுண்டுக்கு ஒரு போலியை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதே வியாபாரி இன்னும் அங்கே கடை விரித்திருப்பதால், எதில் ஏமாந்தேன் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய இருவர் வடிவமைத்து, வில்கின்சன் சுவோர்டு நிறுவனம் 1941-இல் செய்யத் தொடங்கிய கத்தி இது. முதல் வகையின் கைக்காப்பு, அதாவது பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள குறுக்குத் துண்டு, ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்திருக்கும். 1942-இல் வந்த இரண்டாம் வகையில் அது நேரானது. 1943-இல் வந்த மூன்றாம் வகையில் வார்ப்பு உலோகப் பிடியைச் சுற்றி வளையங்கள் ஓடும். சிக்கல் இந்த மூன்றாம் வகையில்தான்: போர் முடிந்த பிறகும் ஷெஃபீல்டில் அதே வடிவில் தொடர்ந்து செய்து விற்றிருப்பதால், வடிவம் பொருந்துவது மட்டும் காலத்துக்குச் சான்றாகாது.

எனக்கு விற்றது வளையப் பிடி. ஆனால் அலகில் வில்கின்சன் பெயர் பொறித்திருந்தது. அப்பொறிப்பு பெரும்பாலும் முதலிரண்டு வகைகளுக்கே உரியது என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். போரின்போது பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய தன் தாத்தாவின் கத்தி என்று வியாபாரி சொன்ன கதையில் மனம் போய்விட்டது. வீட்டில் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். போர்க்காலப் பொறிப்பாக இருந்தால், பின்னாளில் சாணை பிடித்த கீறல்கள் எழுத்தின் விளிம்புகளைத் தேய்த்திருக்கும். இதிலோ கீறல்களை எழுத்து வெட்டிக்கொண்டு சென்றது, விளிம்புகளும் புதுக்கருக்குக் குலையாமல் இருந்தன. கைக்காப்பை வெளிச்சத்தில் சாய்த்தபோது, அழிப்பதற்காக அரம் போட்ட பள்ளத்துக்குள் 'இங்கிலாந்து' என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. போருக்குப் பிந்தைய விற்பனைக் கத்திகளில் இடும் முத்திரை அது. உறையின் தையல் நூலும் புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. நூலுக்கு வெண்மையூட்டும் அந்த இரசாயனங்கள் போருக்குப் பிறகே பரவலாயின.

சொன்ன விவரத்துக்கு ஒவ்வாத பொருளை 30 நாளுக்குள் வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அங்கே இடம் தருகிறது. ஆனால் என் ரசீதில் 'பழைய கத்தி' என்ற இரண்டு சொற்களே இருந்தன. தான் வேறெதுவும் சொல்லவில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். ஆகவே வகையையும் செய்த காலத்தையும் ரசீதில் எழுதித் தந்தால் மட்டுமே பணத்தை நீட்டுங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

அந்தக் கத்தியை நான் யாருக்கும் விற்கவில்லை. எனக்குப் பிறகு அது எவர் கைக்குப் போனாலும் ஏமாற்றுக்குப் பயன்படாதபடி, கண்டறிந்த குறைகளை ஒரு அட்டையில் எழுதிப் பிடியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.