ஓ.ஆர்.எஸ். பொட்டலம்: மருத்துவமனையிலும் வீட்டிலும் பயன்படுத்திய ஒரு தாயின் மதிப்பீடு

வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்ட, நீரில் கரைத்துக் குடிக்கும் தூள்தான் ஓ.ஆர்.எஸ். மருந்துக் கடைகளில் அதன் பொட்டலத்துக்கு விளம்பரப் பலகை கிடையாது. கேட்டால் மேசைக்கு அடியிலிருக்கும் அட்டைப் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துத் தருவார்கள். ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய பெரிய பொட்டலம் ஏறத்தாழ இருபது ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டரை வயது மகளைக் கடும் வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்த்து, அங்கும் வீடு திரும்பிய பின்னும் இந்தப் பொட்டலத்தைக் கொண்டே அவளைத் தேற்றியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று குறிப்பிடப் போவதில்லை, ஏனெனில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரானதாக இருந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்.

பெரியவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்கை வைத்துக் குழந்தையின் நோயை அளவிட முடியாது என்பதற்கு அதன் வேகமே காரணம். காலையில் இரண்டு முறை வாந்தியெடுத்துவிட்டு விளையாடப் போன குழந்தை, மாலைக்குள் தண்ணீராகப் பலமுறை கழிந்து, அழுதால் கண்ணீர் வராத நிலைக்கு வந்துவிட்டாள். கண்கள் குழிவிழுந்திருந்தன, மதியத்துக்குப் பின் சிறுநீர் போகவேயில்லை. ஏதோ தொண்டையில் சிக்கியிருக்கும், தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டிலிருந்து யோசனை வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே ஆட்டோவில் ஏறினோம். மருத்துவர் வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்லக் கிள்ளிவிட்டு, அது உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மடிப்பாக நின்று மெதுவாக இறங்கியதைக் காட்டினார். நீர்ச்சத்து எந்த அளவு வற்றியிருக்கிறது என்பதை அறிய அவருக்கு அந்தச் சோதனையும் குழந்தையின் சோர்வுமே போதுமானவையாக இருந்தன.

முதல் இரவு முழுவதும் டிரிப்ஸ்தான். வற்றிய உடலில் நரம்பு கிடைப்பது அரிது. புறங்கையில் வென்ஃப்ளான் எனும் ஊசிக்குழாயை ஏற்றி, கையை அசைக்காதபடி அட்டை வைத்துக் கட்டும் வரை அவளைப் பிடித்துக்கொண்டிருந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அந்த நேரத்தில் பெற்றவர்களுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், பாட்டில் தீரும்போது சிஸ்டரைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். வாந்தி அடங்கி, குழந்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்ட பிறகு, சிஸ்டர் ஒரு பொட்டலத்தையும் ஒரு லிட்டர்த் தண்ணீர் பாட்டிலையும் என் கையில் கொடுத்து, "முழுசையும் கொட்டிக் கலக்குங்கம்மா, ஸ்பூன் ஸ்பூனாக் கொடுங்க, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி கொடுங்க" என்றார். இந்தப் பொருளைப் பற்றிய என் மதிப்பீடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓரளவு நீர்ச்சத்து இழந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள என் மகளுக்கு 900 மில்லி. ஐந்து மில்லி கரண்டியால் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை கொடுத்துக் கொண்டே இருந்தால்தான் அந்த அளவை நெருங்க முடியும். டம்ளரோடு நீட்டினால் தாகத்தில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு அப்படியே வெளியே தள்ளிவிடும் குழந்தை, கரண்டியால் கொடுத்ததைத் தக்கவைத்துக்கொண்டது. பொட்டலத்தின் வேலையில் பாதி அதைக் கொடுக்கும் கையைச் சார்ந்தது என்று இதனால் சொல்கிறேன். மருத்துவமனைக் கட்டிலருகே செயலற்று நின்ற எனக்கு நான்கு மணி நேரத்துக்குச் செய்ய வேண்டிய ஒரு காரியம் கிடைத்தது என்பதும் அதன் பலன்களில் ஒன்று. அதை எந்த அட்டையிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணமும் உண்டு. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் செய்தார். அங்கே 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உள்ளடக்கத்தைப் பார்ப்போம். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். இவற்றில் சர்க்கரை, தெம்புக்காகவோ சுவைக்காகவோ சேர்க்கப்பட்டதன்று. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்படும் ஒரு வழி இருக்கிறது. கடும் வயிற்றுப்போக்கிலும் அந்த வழி அடைபடுவதில்லை, அவற்றின் பின்னாலேயே நீரும் உடலுக்குள் செல்கிறது. 2002-க்கு முன்பு இருந்த சூத்திரத்தில் உப்பும் சர்க்கரையும் இதைவிட அதிகம். அவற்றைக் குறைத்த பிறகு வாந்தியும் கழிச்சலின் அளவும் குறைந்தன. டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு லிட்டர் நீரில் கலக்கும் வீட்டுக் கரைசல், பொட்டலம் கிடைக்காத இடத்தில் உதவும். ஆயினும் அதில் பொட்டாசியம் இல்லை, கரண்டிகளும் வீட்டுக்கு வீடு மாறும்.

சுவையில் இதற்கு நல்ல மதிப்பெண் தர இயலாது. ஆரஞ்சு மணம் சேர்த்த பொட்டலமும்கூட அடிநாக்கில் உப்பாகவே நிற்கிறது. உடலில் நீர் வற்றியிருந்தவரை எதிர்ப்பின்றிக் குடித்த மகள், சற்றுத் தேறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவர் அதையும் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார். லேசாகக் குளிரவைத்துக் கொடுக்கலாம். சர்க்கரையோ பழச்சாறோ பாலோ அதில் சேர்க்கக் கூடாது.

இரண்டாம் நாள் பார்க்க வந்த என் கணவரின் சித்தப்பா, குழந்தை விரும்பிக் குடிக்கட்டும் என்று ஆப்பிள் படம் போட்ட அட்டைப் பெட்டிப் பானங்கள் சிலவற்றை வாங்கி வந்தார். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டபோது கொடுத்ததாம். சிஸ்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் பாப்பாவுக்குக் கொடுக்காதீங்க, வேணும்னா நீங்க குடிங்க" என்று திருப்பித் தந்தார். அட்டையின் பின்புறம் இருந்த கணக்கைப் பெருக்கிப் பார்த்தால் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை வந்தது. 13.5 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் இத்தனை சர்க்கரை போனால், அது குடலிலேயே தங்கி உடலின் நீரைத் தன் பக்கம் இழுத்து, கழிச்சலை அதிகமாக்கும். இத்தகைய பானங்களை எதிர்த்து ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சூத்திரம் அன்று" என்று ஒரு வரி அச்சிட்டால் போதும் என 2022-இல் அனுமதித்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2025 அக்டோபரில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் எந்த வடிவிலும் இடம்பெறக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு நோய்க்கான மருந்தின் பெயரைப் பழச்சாற்றுப் பெட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பொடி எழுத்தில் ஒரு மறுப்பை அச்சிட்டால் போதும் என்று நினைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. உத்தரவு வந்துவிட்டாலும் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது: உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும், பானத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் இருக்கும்.

பொட்டலத்தின் குறைகளைச் சொல்லியாக வேண்டும். நான் வாங்கியவற்றில் கரைக்கும் முறை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. நள்ளிரவில், மங்கிய விளக்கில், பதற்றத்தில் இருக்கும் ஒருவர் படிக்க வேண்டிய வாசகம் அது என்ற எண்ணம் அச்சிட்டவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒரு லிட்டர் என்ற அளவு. குழந்தை அவ்வளவு குடிக்காதே என்று பலர் டம்ளரில் கால் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கொட்டிக் கலக்குகிறார்கள். கரைசல் கெட்டியானால் இரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறி உயரும். அது வயிற்றுப்போக்கைவிட ஆபத்தானது. நீர்த்துப்போனால் பயன் குறையும். முழுப் பொட்டலத்தையும் கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுவதே சரி. கரைத்ததை மறுபடி கொதிக்கவைக்கக் கூடாது.

இந்தக் கரைசல் வயிற்றுப்போக்கை நிறுத்தாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இராது. எங்கள் மகளுக்கு வீடு திரும்பிய பின்னும் சில நாட்கள் இளக்கமாகவே போயிற்று. ஒவ்வொரு முறை கழிந்த பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லியும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லியும் கொடுத்து, இழந்ததை ஈடுகட்டுவது மட்டுமே அதன் வேலை. கூடவே மருத்துவர் எழுதித்தந்த 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையை 14 நாட்களும் கரண்டி நீரில் கரைத்துக் கொடுத்தோம்; கழிச்சல் நின்றதும் பலர் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கஞ்சி, தயிர்ச்சோறு, வாழைப்பழம் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மலத்தில் இரத்தம் வந்தாலோ, கொடுத்ததெல்லாம் வாந்தியாகவே வெளியேறினாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை எழுப்பியும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலோ, பொட்டலத்தைத் தேடாமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

200 மில்லி நீருக்கான சிறிய பொட்டலங்களும் இருக்கின்றன. ஒரு லிட்டரைக் கணக்கிட்டால் விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஒரு பொட்டலம், 200 மில்லி நீர் என்று கணக்கு நேராக முடிந்துவிடுவதால் கண்ணளவுக்கு இடமில்லை, வீணாவதும் குறைவு. உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி கரைத்தே அடைக்கப்பட்ட பெட்டிகளும் விற்கப்படுகின்றன. நல்ல தண்ணீர் கிடைக்காத பயணத்துக்கு அவை பொருந்தும், வீட்டில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சிறிய பொட்டலங்கள் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். தடவிப் பார்த்துத் தூள் கட்டிபட்டிருந்தால் வேறு கேளுங்கள்.