சன்ஸ்கிரீனா, முழுக்கைச் சட்டையா? ஒரு கட்டடத் தளத்துக் கணக்கு

கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரி வரை கட்டட வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். சென்ற கோடையில் என் இடது காது மடலில் சொரசொரப்பான ஒரு திட்டு தோன்றியது. அது புற்றுநோய் அல்ல, பல ஆண்டு வெயிலின் விளைவு என்று சொன்ன தோல் மருத்துவர், இனியாவது வெயிலைத் தடுத்துக்கொள்ளும்படி எச்சரித்தார். அன்று மாலையே ஒரு சன்ஸ்கிரீன் வாங்கினேன். மூன்று மாதங்களில் அதை விட்டு முழுக்கைச் சட்டைக்கும் துண்டுக்கும் மாறினேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

நம் கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று தளத்தில் பலரும் சொல்வார்கள். மெலனின் என்ற தோல் நிறமி பெருமளவு காக்கிறது என்பதும், நம் நாட்டில் அந்த நோய் அரிது என்பதும் உண்மைதான். ஆனால் அரிதாக இருப்பதாலேயே ஆறாத புண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மட்டும், வெயிலில் வேலை செய்ததன் விளைவாக மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் வகை) அல்லாத தோல் புற்றுநோயால் ஏறத்தாழ 19,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டுள்ளன. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது பொது விதி. கடலூரில் மேகமில்லாத கோடை நண்பகலில் அது 11ஐத் தாண்டும்.

ஏட்டளவில் சன்ஸ்கிரீனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஸ்.பி.எஃப் (பூச்சின் வெயில் காப்பு அளவு) 30 உள்ள பூச்சு, தோலை வெந்துபோகச் செய்யும் யு.வி.பி என்ற வகைப் புற ஊதாக் கதிர்களில் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்றால் 98. சிக்கல் பூசும் அளவில் இருக்கிறது. ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவித்தான் இந்த எண்களைக் கணக்கிடுகிறார்கள். நாம் தடவுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. முகம், கழுத்து, காது ஆகியவற்றுக்கு ஒரு தேக்கரண்டியும், இரண்டு முன்னங்கைகளுக்கும் சேர்த்து இன்னொன்றும் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 10 மில்லி ஆகிறது. வியர்வையில் கரைவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று நாளுக்கு நான்கு முறை, அதாவது 40 மில்லி. நான் வாங்கிய 50 மில்லி டியூபின் விலை 400 ரூபாய். முறைப்படி பூசினால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 320 ரூபாய் செலவாகும். எங்கள் தளத்தில் அது சித்தாளின் கூலியில் ஏறக்குறையப் பாதி.

பணத்தை விடுங்கள். ஜல்லியும் சிமெண்டும் கலக்கிய கையைக் கழுவி, துடைத்து, பூசி, காயவிட்டு, பத்து மணிக்கு மறுபடியும் அதையே செய்ய வேண்டும். கான்கிரீட் தளம் போடும் நாளில் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் யாருக்கும் அதற்கு நேரமிருக்காது. நான் கொடுத்த டியூபை இரண்டு நாள் பயன்படுத்திய மூத்த சித்தாள் ஒருவர், "தம்பி, இதப் பூசிக்கிட்டுக் கலவை தூக்குனா என் முகத்துக்கே பூச்சு வேல செஞ்ச மாதிரி ஆயிடுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நெற்றியில் ஒட்டிய சிமெண்டுத் தூளை அவர் நகத்தால் சுரண்டிக் காட்டியபோது நான் எதிர்வாதம் செய்யவில்லை.

அவர் புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை அணிந்து, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டிருந்தார். நம் ஊர்ப் பெண்கள் வயலிலும் தளத்திலும் நெடுங்காலமாகச் செய்துவருவது இதுதான். சட்டைக்குப் பராமரிப்பு என்றால் துவைப்பது மட்டுமே. பத்து மணிக்கு அதை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாச் சட்டையும் ஒன்றல்ல. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி சுமாரான காப்பையே தரும், நனைந்தால் அதுவும் குறையும். சூரியனை நோக்கித் துணியைத் தூக்கிப் பிடித்து, ஒளி எவ்வளவு கசிகிறது என்று பார்த்தே நான் தேர்ந்தெடுக்கிறேன். நெருக்கமான நெசவும், அடர்ந்த நிறமும், ஒரு அளவு பெரிய தளர்வும் வேண்டும். யு.பி.எஃப் (துணியின் புற ஊதாக் காப்பு அளவு) 50 என்று எழுதிய கைக்காப்புகளையும் ஒரு மாதம் அணிந்து பார்த்தேன். நன்றாகவே இருந்தன, பல முறை துவைத்த பிறகு எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதவில்லை.

சட்டையின் பலவீனம் புழுக்கம். மே மாதத்தில் முதல் வாரம் நானே திணறினேன். தண்ணீரும் நிழலில் ஓய்வும் இல்லாமல் தடித்த துணியை மட்டும் போடச் சொல்வது கொடுமை. தலைக்கவசத்தின் அடியில் துண்டை விரித்துப் பின்கழுத்தும் காதும் மறையும்படி தொங்கவிட்டால் முகமும் உதடும்தான் எஞ்சும். கீழுதடு எளிதில் மறக்கப்படும் இடம்.

அதனால் சன்ஸ்கிரீனை முழுதாகக் கைவிட்டுவிடவில்லை. காலையில் முகத்துக்கும் உதட்டுக்கும் பூசுகிறேன், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது இன்னொரு முறை. வெண்புள்ளி உள்ள எங்கள் கம்பி கட்டும் தொழிலாளிக்கு மட்டும் தனி டியூப் வாங்கி வைத்திருக்கிறேன்; அந்தத் திட்டுகள் விரைவில் வெந்துவிடும், விரல் நுனியைச் சட்டையால் மூடி அவரால் கம்பி முறுக்க முடியாது.