வெள்ளவத்தைக் கடல்காற்றில் நாலரை வருடம்: எங்கள் நெட்வொர்க் ராக்

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது எங்கள் டிக்கெட் அலுவலகம். 2021 தொடக்கத்தில் புறக்கோட்டையில் 9யூ (ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரக் கருவிகள் கொள்ளும்) சுவர் ராக் ஒன்று, அதாவது நெட்வொர்க் கருவிகளை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டி, வாங்கி ரவுட்டர், 24 போர்ட் சுவிட்ச் (கணினிக் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் கருவி), கேமரா ரெக்கோர்டர் மூன்றையும் அதற்குள் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது நான்தான்.

கள்ளனுக்குப் பயந்து வாங்கவில்லை. அதற்கு முன் எல்லாம் மேசைக்குக் கீழே தரையில் கிடந்தன. துப்புரவுக்கு வரும் அக்கா வாரத்தில் இரண்டு தரமாவது ரவுட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு வாக்யூம் கிளீனரைச் சொருகுவார். கேட்டால், "வேற பிளக் பொயின்ட் இல்லையே தம்பி" என்பார். உண்மையில் இல்லைதான். ராக்குக்குள் ஒரு பொயின்ட், அக்காவுக்கு வெளியே ஒரு பொயின்ட் என்று வயரிங் செய்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பூட்டு எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கடையிலும் இதே மாதிரி ராக். ஒருநாள் அவர்களுடைய சாவியைப் போட்டுப் பார்த்தேன், எங்கள் கதவு திறந்துகொண்டது. மலிவான ராக்குகளில் இது சகஜம். அன்றைக்கே பூட்டை மாற்றினேன். நீங்களும் மாற்றிவிடுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது சூடு. கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யூபிஎஸ்ஸையும் ராக்கின் அடியில் வைத்தது என் பிழை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது பேட்டரி நாள்தோறும் அடிவரை வடிந்தது. ஏசியும் இல்லை, கண்ணாடிக் கதவும் மூடி. ஒருநாள் திறந்தால் 12 வோல்ட் பேட்டரி வீங்கி, உறையை விட்டு வெளியே இழுக்கவே முடியாமல் இறுகிப்போயிருந்தது. ஈய அமில பேட்டரிக்கு 25 பாகை செல்சியஸ்தான் நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இப்போது யூபிஎஸ் வெளியே தட்டில் இருக்கிறது. ராக்கின் மேலே இரண்டு சின்ன ஃபேன் போட்டிருக்கிறேன்.

ஃபேன் காற்றை இழுக்கும்போது உப்பும் சேர்ந்து வருகிறது. கடல் பக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்த காலத்தில், சும்மா கிடந்த போர்ட்டுகளை டோர்ச் அடித்துப் பார்த்தேன். பொன்னிறக் கம்பிகளின் நுனியில் பச்சைப் புள்ளி. கேபிள் செருகியிருந்த போர்ட்டுகள் சுத்தமாக இருந்தன. அதனால் வெறும் போர்ட் எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி போட்டேன், அந்த ஜன்னலை நிரந்தரமாக அடைத்தேன். அப்புறம் பச்சை பிடிக்கவில்லை.

மின்னலுக்கு ராக்கால் ஒன்றும் செய்ய முடியாது. ஒக்டோபர் மாதத்துப் பின்னேர இடி ஒன்றில் சுவிட்சில் இரண்டு போர்ட் போயின. கரண்ட் பக்கம் திடீர் மின் எழுச்சியைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர் இருந்தது, எர்த்தும் சரி. அடி வந்தது எதிர்க் கட்டடத்து ஸ்டோருக்கு வெளியால் இழுத்திருந்த செப்பு லேன் கேபிள் வழியாக. அந்த இடத்துக்கு இப்போது ஃபைபர் போட்டாயிற்று. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த ராக்கை 600 மில்லிமீட்டர் ஆழத்தில் வாங்குவேன். இப்போதுள்ள இந்த 450 மில்லிமீட்டர் ராக்கில் ரெக்கோர்டரின் பின்பக்க வயர் இன்றுவரை மடிந்துதான் நிற்கிறது.