பின்லாந்து சர்வரும் அந்த '100%' முத்திரையும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

"பசுமை ஹோஸ்டிங்னு போட்டிருக்காங்களே, நம்பி வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டரை ஆண்டாக நான் வாடகைக்கு வைத்திருக்கும் சர்வர் இது: நான்கு கோர், 8 ஜிபி ரேம், ஆர்ம் பிராசஸர் (மொபைல்களில் இருக்கும் வகை), பின்லாந்தில் ஹெல்சிங்கி பக்கத்தில் டேட்டா சென்டர். பகலில் ஒரு தேடல் தளம். இரவில் ஸ்கேன் செய்த பழைய தமிழ் இதழ்களை ஓசிஆர் செய்யும் (படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும்) வேலை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்கிற குறை இல்லை.

சர்வர் என்று பார்த்தால் அருமை. ஆர்முக்கு மாறும்போது ஒரே இடத்தில்தான் தடுக்கும்: எக்ஸ்86-க்கு (வழக்கமான இன்டெல், ஏஎம்டி வகை) மட்டும் கட்டிய டாக்கர் இமேஜ் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதி) 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' காட்டி நின்றுவிடும். டாக்கரின் பில்ட்எக்ஸ் கருவியை வைத்து இரண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது. டெஸராக்ட் (ஓசிஆர்), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) எல்லாம் டெபியன் லினக்ஸிலேயே ஆர்முக்குத் தயாராகக் கிடைக்கின்றன. தூரம்தான் கொஞ்சம் உறுத்தும். சென்னையிலிருந்து மும்பைக்கு 30 மில்லிசெகண்டு அளவில் போய்வருவது இங்கே 150-ஐத் தாண்டும். படங்களை சிடிஎன்-இல் (வாசகருக்குப் பக்கத்திலிருந்து நகலை அனுப்பும் சேவை) வைத்துவிட்டால் வாசகருக்கு அது தெரியாது, தேடலில் மட்டும் தெரியும்.

எரிச்சல் எல்லாம் ஒவ்வொரு மாத பில்லின் தலையிலும் பச்சை இலையோடு வரும் '100% புதுப்பிக்கத்தக்க மின்சாரம்' முத்திரை மேல்தான்.

அந்த வரிக்கு ஆதாரம், ஐரோப்பாவின் 'உற்பத்தி மூலச் சான்றிதழ்'. ஒரு மெகாவாட் மணி உற்பத்திக்கு ஒரு சான்றிதழ். மின்சாரத்தை ஒருவருக்கும் சான்றிதழை வேறொருவருக்கும் விற்கலாம். உற்பத்தியான நாளிலிருந்து 12 மாதம் செல்லும். நார்வே அணையில் ஜூனில் ஓடிய தண்ணீரின் சான்றிதழை வைத்து, ஜனவரி இரவில் ஓடிய சர்வரை 'பசுமை' என்று கணக்கெழுதலாம். ஐஸ்லாந்தைப் பாருங்கள். அங்கே கம்பியில் வருவது ஏறக்குறைய முழுக்க நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும்தான். ஆனால் சான்றிதழ்களை வெளிநாட்டுக்கு விற்றதால், நிலக்கரி மின்நிலையமோ அணுமின் நிலையமோ இல்லாத அந்த நாட்டின் மின்சாரத்தில் அவை இரண்டும் இருப்பதாகத் தாளில் காட்டிய ஆண்டுகள் உண்டு. கணக்கியல் விதிப்படி இதில் தவறில்லை. ஆனால் இதை வைத்து என் சர்வரைப் பற்றி நான் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

கோபம் வருவதற்குக் காரணம், சொல்வதற்கு நிஜமான நல்ல சேதி இருக்கிறது என்பதுதான். ஒரு விஎம் (ஒரே கணினியைப் பங்கிட்டுத் தரும் மெய்நிகர் சர்வர்) சராசரியாக 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 7.2 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும் இந்திய கிரிட்டில் (மின்கட்டமைப்பில்) அது 5 கிலோ. பின்லாந்து கிரிட்டில் 1 கிலோகூட வராது. காற்றாலை, நீர்மின்சாரம் இவற்றோடு அணுமின்சாரத்துக்கும் இதில் பெரிய பங்கு. 1,600 மெகாவாட் அளவிலான ஒல்கிலுவோட்டோ 3 உலை 2023 ஏப்ரலில் வழக்கமான உற்பத்திக்கு வந்தது. ஆக, லாபம் இடத்தால் வந்தது, முத்திரையால் வரவில்லை. இதேபோன்ற ஒரு சான்றிதழை மும்பை சர்வருக்கு ஒட்டினாலும் தாளில் பூஜ்யம்தான் வரும். புகைபோக்கியில் வருவது குறையாது.

ஆண்டுக்கு மொத்தமாக இல்லாமல், ஒவ்வொரு மணி நேரமும் என்ன மின்சாரம் ஓடியது என்ற மணிவாரிக் கணக்கு கிடைக்குமா என்று சப்போர்ட்டில் மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் அதே சான்றிதழ் பிடிஎஃப். பியூஇ எவ்வளவு என்றால் 'மிகச் சிறப்பு' என்கிறார்கள், எண் இல்லை. (கட்டடம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, கணினிகள் மட்டும் இழுப்பதால் வகுத்தால் வருவது பியூஇ. உலக சராசரி 1.56 என்றது அப்டைம் இன்ஸ்டிட்யூட்டின் 2024 ஆய்வு. வெளிக்காற்றே குளிர்ந்திருக்கும் நாட்டில் 1.2-க்குக் கீழே வருவது சாதாரணம்.) முடியாத காரியமா கேட்கிறோம்? தான் செலவழித்த மின்சாரத்தை 2017-லேயே ஆண்டுக் கணக்கில் 100% புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கி ஈடுகட்டிவிட்ட கூகுள், அது போதாது என்று 2030-க்குள் ஒவ்வொரு மணி நேரமும் கார்பனற்ற மின்சாரம் என்று இலக்கு வைத்தது. மணிக்கணக்கில் பார்த்தால் 2023-இல் 64% மட்டுமே என்று அவர்களே வெளியிட்டார்கள். ரீஜன்வாரியாகவும் (டேட்டா சென்டர் இருக்கும் பகுதிவாரியாகவும்) எண் தருகிறார்கள். 64 என்ற அந்த எண்ணின் மேல் இருக்கும் மதிப்பு இந்த 100-இன் மேல் வரவில்லை.

அவர்கள் தராவிட்டால் நாமே பார்க்கலாம். நாடுவாரியாக மின்சாரத்தின் கார்பன் அளவைக் காட்டும் எலெக்ட்ரிசிட்டி மேப்ஸின் ஏபிஐ-யில் (நிரல்கள் நேரடியாகத் தகவல் கேட்கும் வழி) பின்லாந்தின் அப்போதைய கார்பன் அளவு கிடைக்கும். இரவு ஓசிஆர் வேலை தொடங்குமுன் ஸ்கிரிப்ட் அதைக் கேட்கட்டும். வரம்புக்கு மேல் இருந்தால் அரை மணி காத்திருந்து மறுபடி கேட்கட்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஏபிஐ பதில் தராவிட்டால் 'ஓடு' என்றுதான் முடிவெடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் டோக்கன் (ஏபிஐ-க்கான அனுமதிச் சாவி) காலாவதியாகி ஒரு மாத வேலை சத்தமில்லாமல் நின்றிருக்கும். பேக்கப்பை மட்டும் இந்தக் காத்திருப்பில் சேர்க்கவே கூடாது.

இதனால் பின்லாந்தில் கிடைக்கும் லாபம் சொற்பம். காற்று நின்ற உறைபனி நாட்களில்தான் அங்கே அளவு ஏறும். மதிய வெயிலுக்கும் காற்றில்லாத மாலைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும் ஜெர்மனியில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும்.

நிஜமாகவே மின்சாரத்தை மிச்சப்படுத்தியவை வேறு. டெஸராக்ட் ஒரே பக்கத்துக்கு நான்கு த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை) போட்டு, அவை ஒன்றுக்கொன்று காத்திருப்பதிலேயே சிபியு-வை வீணாக்கும். த்ரெட் லிமிட்டை 1 ஆக்கி, ஒரே நேரத்தில் நான்கு பக்கங்களை ஓட விட்டால் அதே இதழ் சீக்கிரம் முடிகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஹாஷ் (கைரேகை போன்ற அடையாளக் குறியீடு) எடுத்து வைத்து, ஏற்கெனவே முடிந்த பக்கத்தை மறுபடி தொடாமல் விடுவது அடுத்தது. மறந்துபோய் ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட் விஎம்-மை அழித்தது மூன்றாவது.

இன்னொன்று. ஒரு தளம் பசுமை ஹோஸ்டிங்கில் ஓடுகிறதா என்று சொல்லும் கிரீன் வெப் ஃபவுண்டேஷன் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பார்க்கும்போது, முன்னால் சிடிஎன் இருந்தால் அது சிடிஎன் நிறுவனத்தைப் பற்றித்தான் பதில் சொல்லும். நேரடி சர்வர் முகவரிக்குத் தனி சப்டொமைன் வைத்து அதைச் சோதியுங்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். சர்வர் நல்ல சர்வர், கம்பியில் வரும் மின்சாரமும் நல்ல மின்சாரம், விலையிலும் குறையில்லை. இருந்தும், பியூஇ எண் ஒன்றைக்கூடச் சொல்லாதவர்களுக்குப் பசுமையின் பேரில் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. பின்லாந்திலேயே எண்களை வெளியிடும் வேறொருவரிடம் இமேஜை ஏற்றிச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.